இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்

மதிய ஒலிபரப்பு இரண்டரைக்கு முடிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. குளிர்சாதன இயந்திரம் மட்டும் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்க, சவரிராயன் ஒலிபரப்பு அறை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் முன்னால் கிடந்த தாளைப் பார்த்தான். தாளின் தலையில் ‘ஆலங்கிணறு வானொலி நிலையத்தின் வரலாறு’ என்று அவன் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. காலையில் மேடம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவர் இந்த நிலையத்துக்குப் பொறுப்பாக வந்து பதினோரு மாதம்தான், மூடிக்கொடுக்கவென்றே வந்த மாதிரி ஆகிவிட்டது பாவம். “சார், மொத நாள்லேர்ந்து மைக் முன்னாடி இருக்கிறவர் நீங்க ஒருத்தர்தான். நீங்களே எழுதி நீங்களே வாசிச்சிடுங்க. பத்து நிமிஷம். ரொம்ப அழ வெச்சிடாதீங்க, எனக்கு அதெல்லாம் தாங்காது.” இன்றைக்கு வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு மாலை ஒலிபரப்பு, ஐந்து பத்துக்கு வரலாறு, அது முடிந்ததும் நேயர் விருப்பத்தில் ஒரே ஒரு பாட்டு, ஐந்தரையோடு உள்ளூர்க் குரல் நின்றுவிடும். அதற்கப்புறம் நகரத்து நிலையம் பேசுவதை வாங்கி அப்படியே காற்றில் விடுகிற கம்பம் மட்டும் இந்தக் குன்றின் மேல் நிற்கும். இரண்டரைக்கும் ஐந்துக்கும் நடுவிலுள்ள இந்த நேரத்துக்கு நிலையத்தில் பேர் எதுவும் கிடையாது. காலை ஒலிபரப்பு, மதிய ஒலிபரப்பு, மாலை ஒலிபரப்பு என்று எல்லாவற்றுக்கும் பேருண்டு, இதற்கு மட்டும் இல்லை. சுவரிலுள்ள ஓட்டைப் பலகைகள் எந்தச் சத்தத்தையும் திருப்பித் தராது. இருமினால் இருமல் அங்கேயே செத்துப்போகும். வாய்க்குள் ஒரு பேரைச் சொன்னால்கூட அது உதட்டைத் தாண்டாது. அதனால்தான் இந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்துகொள்வது அவனுக்குப் பிடிக்கும். வீட்டில் சொன்னால் சுவர் திருப்பிச் சொல்லிவிடுகிறது.

வரலாறு என்றால் எங்கே தொடங்குவது. தொண்ணூற்று மூன்று ஜூன் என்று தொடங்கலாம். அமைச்சர் வந்து பித்தானை அழுத்தினார், நாதஸ்வரக்காரருக்கு மைக் வைக்க மறந்து முதல் மூன்று நிமிடம் வெறும் தவில் மட்டும் போயிற்று என்று தொடங்கலாம். மேடத்துக்குப் பிடிக்கும், சிரிப்பார். ஆனால் அவனுக்கு வரலாறு தொடங்குவது அதற்கு நாலு நாள் கழித்து, முதல் வியாழக்கிழமை, மாலை நாலரை மணிக்கு. நேயர் விருப்பம் என்று நிகழ்ச்சித் தாளில் அடித்தாகிவிட்டது, இசைத்தட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தாகிவிட்டது, விரும்பின நேயர்தான் ஒருவருமில்லை. ஒரு கார்டுகூட வரவில்லை. அப்போதைய நிலைய இயக்குநர் தணிகாசலம், வெற்றிலைச் சாற்றை ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே சொன்னார்: “காத்து சும்மா போகக் கூடாதுய்யா. பத்துப் பேரை நீயே எழுதி வாசி. அடுத்த வாரம் பாரு, பதினோராவது ஆள் தானா எழுதுவான்.” சவரிராயனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளன், வியாழனும் ஞாயிறும் அவன் நாட்கள். மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பிழை திருத்திக்கொண்டிருந்தான். பேர்களுக்குப் பஞ்சமா. மடமடவென்று ஒன்பது பேரை எழுதிவிட்டான். மறுவாரம் கொத்தங்குளத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார்கள். “எங்கப்பா சுப்பராயலு போய்ச் சேர்ந்து மூணு மாசமாச்சு. அவரு எப்படிங்க உங்ககிட்ட பாட்டு கேட்டாரு?” சவரிராயனுக்கு வேர்த்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததாக நினைத்த பேர், கண்ணீர் அஞ்சலியில் பார்த்தது. தணிகாசலம் கொஞ்சமும் அசரவில்லை. “அங்கயும் நம்ம ஸ்டேஷன் எடுக்குதுன்னு ஊர்ல போய்ச் சொல்லுங்கப்பா” என்றார். வந்தவர்களில் இளையவன் சிரித்துவிட்டான், மூத்தவனும் சிரித்தான், கடைசியில் அப்பாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நிலையத்துக்கு வந்த முதல் நிஜமான விருப்பம் அதுதான். இதை எழுதலாம். இது நல்ல வரலாறு. பேனாவை எடுத்தான். எடுத்த கையோடு வைத்தும்விட்டான், ஏனென்றால் அந்த முதல் பட்டியலில் ஒன்பது பேர்தான் அச்சகத்திலிருந்து வந்தவர்கள். பத்தாவது பேரை அவன் எங்கிருந்தும் எடுக்கவில்லை. அதுவாக வந்து தாளில் உட்கார்ந்தது. ஆலங்கிணறு, மதலேன்.

மதலேன் அவன் தங்கை. அது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சூசைநல்லூர்க் கோயிலில் உபதேசியாராக இருந்த அவன் அப்பா, ஆழ்துளைக் கிணறு போட வந்த வண்டியில் வேலை பார்த்த ஒருவனோடு மதலேன் கிளம்பிப் போன மறுமாதமே, பங்குச் சாமியாரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு, மகனை மட்டும் கூட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாத இந்த ஆலங்கிணற்றுக்குக் குடிவந்தார். சிலுவைக்காரன் இல்லை, சாதிக்காரன் இல்லை, ஊர்க்காரன்கூட இல்லை என்று வழியெல்லாம் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் சிறுசாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். தினமும் ஏழு மணிக்குச் செபமாலை முடிந்ததும் அப்பா ஒவ்வொரு பேராகச் சொல்லி வேண்டுவார்: மரித்த அன்னம்மாளின் ஆன்மாவுக்காக, சவரிராயனுக்காக, மதலேனுக்காக, நோயாளிகளுக்காக. புது வீட்டில் முதல் நாள் செபத்தில் அப்பா சவரிராயனுக்காக என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, நோயாளிகளுக்காக என்றார். அந்த மூச்சு இருக்கிறதே. பேரை எடுத்துவிட்டார், பேர் இருந்த இடத்தை எடுக்க அவரால் முடியவில்லை. எட்டு வருஷம், ஒரு நாள் தவறாமல், அந்த இடத்தில் ஒரு மூச்சு. அது எவ்வளவு நீளம் என்று சவரிராயனுக்குத் தெரியும். மைக் முன்னால் உட்கார்ந்து பழகினவனுக்கு வினாடி எண்ணுவது கைவந்துவிடும். இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. மதலேனுக்காக என்று சொல்லிப் பார்த்தால் சரியாக அதே நேரம்தான் ஆகிறது. வீட்டில் சொல்ல முடியாத பேரை நாற்பது கிலோமீட்டருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னான், அவ்வளவுதான் அவன் செய்தது. நாங்கள் இந்த ஊரில் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா. கடிதம் எழுத முகவரி இல்லை. பாட்டைப் போட்டு, இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள் என்று ஒன்பது ஊரையும் ஒன்பது பேரையும் வாசித்து, பத்தாவதாக ஆலங்கிணறு மதலேன் என்றபோது குரல் கொஞ்சம் இறங்கிற்று. அறிவிப்பு சவரிராயன் என்று முடித்தான். அடுத்தடுத்த வியாழன்களிலும் அப்படியே. போதும். அவள் கெட்டிக்காரி, இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வாள்.

கேட்டால்தானே. மணி மூன்றே கால் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையின் சுவரில் பழுப்பேறிய வரைபடம் தொங்கியது. நடுவில் இந்தக் குன்று, சுற்றிலும் சிவப்புப் பென்சிலில் கோணல்மாணலாக ஒரு வட்டம். ஆலங்கிணற்றுக் குரல் எதுவரை எட்டும் என்பதன் எல்லை. அந்தக் கோட்டைப் போட்டவன் அவன்தான். திறப்பு விழாவுக்கு முன் மாதம், டிரான்ஸ்மிட்டர் இருக்கிற ஒலிபரப்பி அறையில் மெஷின் பார்க்கிற பீர்முகம்மது ஒரே நாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட, ஜீப்பில் மடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், கேட்கிறதா என்று பார்த்து, அங்கங்கே இருக்கிற தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். கேக்குது. அல்லது, கேக்கல. கிழக்கே முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் வேப்பங்குறிச்சி. ஊருக்குள் எங்கே நின்றாலும் வெறும் இரைச்சல். திரும்பிவிடலாம் என்று டிரைவர் சொல்லும்போது, தண்ணீர் குடிக்க அடிகுழாய்ப் பக்கம் போனவன் கையில் டிரான்சிஸ்டர் சட்டென்று வாய் திறந்தது. ஆலங்கிணறு வானொலி நிலையம், சோதனை ஒலிபரப்பு. கண்ணாடி மாதிரி. இரண்டு எட்டு நகர்ந்தால் இரைச்சல், திரும்ப வந்தால் பேச்சு. குடத்தோடு நின்ற ஒரு பெண் கேட்டாள், “இதுக்கு மட்டும் என்ன இந்தக் குழாய் மேல ஆசை?” போனில் பீர்முகம்மதுவிடம் கேக்குது என்று சொல்லிவிட்டு, வரைபடத்தில் வட்டத்தை அந்தக் குழாய்வரை ஒரு மூக்கு மாதிரி இழுத்துவிட்டான். மூக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் எழுத வேண்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். திரும்பினால் எதிரே கடிகாரம்.

கார்டு வந்தது தொண்ணூற்றாறில். அதற்குள் தணிகாசலம் சொன்ன பதினோராவது ஆள் ஆயிரத்துப் பதினோராவது ஆளாகியிருந்தான். சாக்குச் சாக்காகக் கார்டுகள். மாட்டுக்காரன், தையல்காரி, சப்-ஜெயில் கைதிகள் ஏழு பேர் சேர்ந்து. பேர் வாசிக்கக் கேட்பதற்காகவே பாட்டுக் கேட்டார்கள், பாட்டு எதுவானாலும் சரிதான் அவர்களுக்கு. சாக்கைக் கவிழ்த்துத் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தபோது அது கையில் வந்தது. புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி வட்டம். அப்பா எத்தனையோ தடவை பிரம்பால் தட்டியும் அவள் மாற்றிக்கொள்ளாத வட்டம். ‘மதிப்பிற்குரிய நிலையத்தாருக்கு, வியாழக்கிழமைப் பாட்டில் என் பெயர் வருகிறது. இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். இப்படிக்கு, ம.’ அவ்வளவுதான். திறந்த கார்டு, தபால்காரர் படிப்பார், வீட்டில் படிப்பார்கள், அதனால்தான் அண்ணன் என்று எழுதவில்லை என்று அவனுக்கு உடனே புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைத்தான். முத்திரையில் ‘குறிச்சி’ மட்டும் தெரிந்தது. வேப்பங்குறிச்சி, குழாயடி, வேறென்ன. அன்றைக்கு அவன் குன்றிலிருந்து ஓடியே இறங்கினான். இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். என் தங்கை சௌக்கியமாக இருக்கிறாள், வீட்டில் ரேடியோ இருக்கிறது, மாமியார் கேட்கிறாள், அவள் புருஷன் கேட்கிறான், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அவள் பேர் வரும்போது சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். வானொலிக்காரனுக்குக் கேட்பது என்றால் ஒன்றுதான். காலையில் கையெழுத்துப் போடுவதிலிருந்து ராத்திரி பூட்டைப் பூட்டுவது வரை, கேட்கிறார்களா, எத்தனை பேர் கேட்கிறார்கள், எந்த ஊரில் கேட்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஆலங்கிணறு மதலேன் என்று வாசிப்பதை விட்டான். சந்தோஷத்தில், கொஞ்சம் குரலை உயர்த்தி, வேப்பங்குறிச்சி மதலேன் என்று வாசித்தான். மூன்று வருஷம், வாராவாரம்.

தொண்ணூற்றொன்பது ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை. அப்போது தொலைபேசி நேயர் விருப்பமும் வந்துவிட்டது, மணி அடிக்காது, மேசையில் ஒரு சின்னப் பல்பு எரியும். எடுத்தால் ஒரு பெண்பிள்ளை, கடைப்போனிலிருந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற குரல். “சார், பாட்டுல என் பேரு வாசிக்கிறீங்க சார். மேலச்சேரி பொன்னுத்தாயி. இங்க எல்லாரும் கேக்குறாங்க சார்.” அவன் வழக்கம் போல, “கேக்குறாங்களா, ரொம்ப சந்தோஷம்மா, தொடர்ந்து கேளுங்க” என்றான். “ஐயோ இல்ல சார்” என்றாள் அந்தப் பெண். “கேக்குறாங்க சார். யாருடி உனக்குப் பாட்டுப் போடச் சொல்லி எழுதறவன்னு கேக்குறாங்க. எங்க அண்ணன் செருப்பைக் கழட்டிட்டான். நான் எழுதவே இல்ல சார், எவனோ எழுதறான். பேரை எடுத்துருங்க சார்.” வைத்துவிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். யாருடி அது. யாருடி உன் பேரை வாராவாரம் கூப்பிடுகிறவன். வேப்பங்குறிச்சியில் எல்லோரும் ரேடியோ கேட்க முடியாதே, அங்கே எடுக்காதே, குழாயடியில் மட்டும்தானே எடுக்கும். குழாயடியில் கூடுகிறவர்கள் கேட்டது பேரை. வீட்டுக்குக் கொண்டுபோனது கேள்வியை. ஆலங்கிணறு என்று வாசித்தபோதாவது எந்த மதலேனோ என்று அவள் சமாளித்திருப்பாள். அவன் ஊரையும் சேர்த்துச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டான். வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று வருஷம், அவளை நடுத்தெருவில் நிறுத்தி எல்லோரையும் கேட்க வைத்தான். இதில் கொடுமை என்னவென்றால் அந்த வார்த்தையை அவனே வாராவாரம் மற்ற அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். விரும்பிக் கேட்டவர்கள், விரும்பிக் கேட்டவர்கள். அது காதால் கேட்டதா, வாயால் கேட்டதுதானே. ஆயிரம் தடவை சொன்னவனுக்கு ஒரு தடவை காதில் விழவில்லை. அப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் மாவட்டச் செய்தியில் ஏழாவதாக ஒரு துண்டுச் செய்தி, கிழக்கே ஒரு பாசனக் கிணற்றில் அடையாளம் தெரியாத பெண், வயது இருபத்தேழு இருக்கலாம். அவன் வாயால்தான் வாசித்தான். நடுங்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அடுத்து வானிலை என்றான். அது யாரென்று மறுநாள் செய்தி வாசிக்கிற தாளில் வந்திருக்கும். மறுநாள் அவனுக்கு வேலை நாள் இல்லை. அதற்கடுத்து வந்தபோது பழைய தாள்கள் ஆணியில் குத்தித்தான் இருந்தன, ஆனால் அப்போது அவற்றைப் புரட்ட ஒரு காரணமும் இல்லை. காரணம் வந்தபோது அவை இடுப்புயரத்துக்கு மூலையில் அடுக்கியிருந்தன. புரட்டினால் ஒரு மணி நேர வேலை. அவன் புரட்டவில்லை. வருஷா வருஷம் புரட்டவில்லை. போன மழைக்காலத்தில் ஓதம் ஏறி எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினார்கள், அன்றைக்கு அவனுக்கு ஏற்பட்டது நிம்மதி என்று சொன்னால் அது எவ்வளவு கேவலம். ஆனால் நிம்மதிதான்.

அந்த ஆடியிலிருந்து பேரை நிறுத்தினான். இரண்டு வியாழன் போயிற்று. மூன்றாவது வியாழன் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, ரசத்தைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “மூணு வாரமா அந்தப் பேர் வரலையே.” சவரிராயன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். வியாழக்கிழமை மாலைகளில் அப்பா ரேடியோவைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் நிற்பார், பாட்டெல்லாம் அவருக்கு ஆகாது, பக்கத்து வீட்டுக்காக வைக்கிறார் என்று நினைத்திருந்தான். ஆறு வருஷமாகக் கொல்லையில் நின்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். “யாரோ நேயர்ப்பா, கார்டு வரல” என்றான். அப்பா தலையை ஆட்டினார். “சொகமில்லாம இருக்கும்” என்றார். அன்றைய செபத்தில் சவரிராயனுக்காக என்று சொல்லி, மூச்சு விட்டு, நோயாளிகளுக்காக என்று சொல்லும்போது அப்பாவின் குரல் அந்த வார்த்தையில் நின்று நின்று போயிற்று. மார்கழியில் இறந்துபோனார். ஒரே ஒரு வியாழன், அவருக்காக, ஒரு தடவை வாசித்திருக்கலாம். வாசித்தால் அங்கே அவளுக்கு என்ன ஆகுமோ. வாசிக்காததால் இங்கே இவருக்கு என்ன ஆயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ச் செக்கு மாடு மாதிரி எத்தனை வருஷமாகச் சுற்றியாகிவிட்டது, இன்னும் தடம் தேயவில்லை. அப்பா போன மறுவருஷம் ஒரு தடவை பஸ் ஏறி வேப்பங்குறிச்சி போனான். குழாயடியில் இறங்கி நின்றான். நாலைந்து பெண்கள் குடத்தோடு இருந்தார்கள், ஒருத்தி யார் வேணும் என்றாள். வாயைத் திறந்தான். மதலேன் வீடு எது என்று கேட்க வேண்டும். கேட்டால் அதுவும் அதே கேள்விதானே. யாருடி அது, உன்னைக் கேட்டு வந்தது. இல்லை, அந்தக் குடத்துக்காரி வேறு மாதிரி பதில் சொல்லிவிட்டால். எந்த மதலேன், அந்தக் கிணத்துல, என்று இழுத்துவிட்டால். “அடுத்த பஸ் எப்போ?” என்று கேட்டான். வந்த பஸ்ஸே திரும்பும் என்றாள். அதிலேயே ஏறிவிட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு பீர்முகம்மது பிளாஸ்கோடு வந்தபோது நாலே கால். ஒலிபரப்பி அறையிலேயே முடி நரைத்த மனுஷன், நடந்தால் சாவிக்கொத்து குலுங்கும். “என்னண்ணே, வரலாறு எதுவரைக்கும் வந்திருக்கு?” “தலைப்பு வரைக்கும்.” “அப்பப் பாதி முடிஞ்சுது. என் பேரு வருதா?” “வரும்.” “பீர்முகம்மதுன்னு முழுசாப் போடுங்க. பீருன்னு நிறுத்திட்டீங்கன்னா ஊர்ல வேற மாதிரி நெனைப்பாங்க.” தேநீரை மூடியில் ஊற்றி நீட்டினான். ஏலக்காய் வாசனை அந்தச் செத்த அறைக்குள் தனியாக நின்றது. “கடைசிப் பாட்டுக்கு யார் பேரு வாசிக்கிறீங்க? கார்டு ஏதும் வந்துதா?” “ஒண்ணும் வரல. மொத வாரம் மாதிரியே.” “அப்ப எழுதிக்குங்க. உங்களுக்குப் பழக்கம் இல்லாததா.” பீர்முகம்மது சிரித்தான். சிரித்துவிட்டு, மூடியைச் சுற்றிக்கொண்டே, “முன்னெல்லாம் ஒரு பேரு வாராவாரம் வருமேண்ணே. வேப்பங்குறிச்சி மதலேன். நான்கூட நம்ம குழாயடிக்கு ஒரு ரசிகை இருக்கான்னு நெனைச்சுக்குவேன். திடீர்னு நின்னுபோச்சு. இப்ப எங்க இருக்கோ அந்தப் பொம்பளை” என்றான். இருபத்தெட்டு வருஷம் ஒரே குன்றில், ஒரே பிளாஸ்கில் குடித்தவன். சொல்லலாம். இந்த அறையில் சொன்னால் சுவர்கூடத் திருப்பிச் சொல்லாது. நாக்கு அசைந்தது. “தெரியல பீரு” என்றான். “இருக்கும் எங்கயாவது. புள்ளகுட்டி பெத்து, பேரன் எடுத்து” என்றபடி பீர்முகம்மது கதவருகே போய் நின்றான். “நாளைக்கு வியாழன் இல்லாத வெள்ளிக்கிழமை மாதிரி இருக்குமில்லண்ணே.” அதற்கு என்ன அர்த்தம் என்று இருவரும் யோசிக்கவில்லை. சாவிக்கொத்தின் சத்தம் நடைபாதையில் போய்த் தேய்ந்தது. இருக்கும் எங்கயாவது. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருஷத்தில் யாரும் அவனிடம் அதைச் சொன்னதில்லை. அவன் யாரிடமும் கேட்டதில்லை என்பதால்தான் சொன்னதில்லை. பேரைக் கூப்பிட்டான். நிறுத்தினான். காத்திருந்தான். பயந்தான். ஒரு தடவையாவது கேட்டானா. நீ இருக்கிறாயா என்று, வெட்கத்தை விட்டு, ஒரு தடவை. பஸ்ஸைத்தான் கேட்டான். இன்றைக்கு ஐந்தரைக்கு மேல் கேட்க வாயில்லை. அவள் பேரைச் சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகும், சொல்லாவிட்டால் அவளிடம் பேச இந்த உலகத்தில் வேறு வழி கிடையாது. கடிகாரம் நாலு ஐம்பது என்றது. தாளில் நாலு வரிக் குறிப்பு எழுதினான்.

ஐந்து பத்துக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் கைக்குட்டையை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். சவரிராயன் வாசித்தான். தவில் மட்டும் போன முதல் மூன்று நிமிடத்தைச் சொன்னான், இறந்தும் பாட்டுக் கேட்ட கொத்தங்குளம் சுப்பராயலுவைச் சொன்னான், மேடம் சிரித்தார். கண்மாய் உடைந்த வருஷம் இரண்டு பகலும் ஒரு ராத்திரியும் விடாமல் பேசியதைச் சொன்னான், பீர்முகம்மதுவை முழுப் பேரோடு சொன்னான். அப்புறம் தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னான். “முதல் வாரம் வாசித்த பேர்களை நாங்களே எழுதிக்கொண்டோம். அதில் சிலருக்குத் தொந்தரவு உண்டாகியிருக்கலாம். ஒரு நேயர் அதைக் கார்டில் எழுதித் தெரிவித்தார். நிலையத்தில் இருந்தவருக்கு அதைச் சரியாக வாசிக்கத் தெரியவில்லை. அதற்காக நிலையம் வருத்தம் தெரிவிக்கிறது.” மேடம் புருவத்தைச் சுருக்கினார். பத்து நிமிடம் என்றது எட்டு நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. பாட்டு தயாராக இருந்தது. மாட்டுவண்டிச் சலங்கையோடு தொடங்குகிற பழைய பாட்டு, சூசைநல்லூரில் மாதா திருவிழா ஒலிபெருக்கியில் போட்டால் மதலேன் கோயில் கூட்டுவதை விட்டுவிட்டு விளக்குமாற்றோடு அப்படியே நிற்பாள். “இன்றைய நேயர் விருப்பத்தில் ஒரே பாடல். இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்” என்றான். நிறுத்தினான். மூச்சு விட்டான். இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவு போதும் என்றுதான் நினைத்திருந்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. மூன்று. நாலு. நிலையத்தில் யாரும் நாலு வினாடி சும்மா விடமாட்டார்கள், நாலு வினாடி சும்மா விட்டால் பெட்டியின் முன்னால் இருக்கிறவன் முள்ளைத் திருகப் போய்விடுவான். ஐந்து. ஆறு. மேடத்தின் கை கண்ணாடியைத் தட்டியது, சத்தம் உள்ளே வரவில்லை. ஏழு. “சவரிராயன்” என்றான். “சூசைநல்லூர் உபதேசியார் மகன் சவரிராயன், ஆலங்கிணறு.” அறிவிப்பு என்று சொல்லவில்லை. கேட்பவர் என்றுதான் சொல்லியிருந்தான். சலங்கை தொடங்கியது.

சிவப்பு விளக்கு அணைந்ததும் ஒலிபரப்பி அறையிலிருந்து உள்பேசியில் பீர்முகம்மது. “என்னண்ணே, ஏழு செகண்டு ஒண்ணும் போகல. கடைசி நாளும் அதுவுமா என் மெஷின்தான் செத்துப்போச்சுன்னு நெனைச்சு மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.” “மெஷின் நல்லாத்தான் இருக்கு பீரு. நான்தான்.” “சரி. நீங்களே பாட்டுக் கேட்டுக்கிட்டீங்களா? இத்தனை வருஷத்துல நீங்க ஒரு பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லையே.” சவரிராயன் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான். “இப்பக் கேக்குதா?” என்றான். “ம். தெளிவாக் கேக்குது.” உள்பேசி அடங்கியது. மேசையில் தொலைபேசிப் பல்பு எரியவில்லை. எரிந்தாலும் அது பஸ் ஸ்டாண்டிலிருந்து எவனாவது கிண்டல் செய்ய எடுத்ததாக இருக்கும். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் அந்தக் குழாய் இன்னும் இருக்கிறதோ, பிடுங்கிவிட்டார்களோ. அங்கே யாராவது ஒரு வயதான பெண் குடத்தை வைத்துவிட்டு நிற்கலாம். நிற்காமலும் இருக்கலாம். யாரும் அவளைப் பார்த்து யார் அது என்று கேட்க இந்தத் தடவை ஒரு காரணமும் இல்லை. பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி இருந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டிருந்தான்.